ஆப்பிள் பையோடு வந்த தேவராஜ்

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் முன்வாசல் வழியாக வந்தான். கையில் ஒரு பை. பைக்குள் ஆப்பிள்.

நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். வாய் நிறைய நுரை. அவன் என் வீட்டுக்குள் வருவது எப்போதும் பின்பக்கமாகத்தான். துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, சமையல்கட்டுக்குள் தலையை நீட்டி, "இன்னா தங்கச்சி, துன்ன எதுனா கீதா?" என்று என் பெண்டாட்டி பச்சையம்மாளைக் கேட்பான். அவள் பதில் சொல்வதற்குள் சட்டி மூடியைத் திறந்திருப்பான். பல வருஷமாக அதுதான் வழக்கம்.

அன்றைக்கு முன்வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். "இருக்கீங்களா?" என்றான்.

யாரைக் கேட்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"உள்ள வாடா" என்றேன். வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். பையை நீட்டினான். பச்சையம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக அதை வாங்கிக்கொண்டு போனாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய் கொப்பளிக்கவும் மறந்து அப்படியே நின்றேன்.

ஆப்பிள் வாங்கி வந்ததற்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

என் முடிச்சின் மேல் நின்றவன்

நான் சாரம் கட்டுகிறவன் என்பது இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. சவுக்குக் கம்பங்களை நட்டு, கயிற்றால் இறுக்கி, குறுக்கே பலகை போட்டுக் கொடுப்பேன். கொத்தனாரும் பெயின்டரும் அதன் மேல் ஏறி நின்று வேலை பார்ப்பார்கள். தேவராஜ் பெயின்டர்.

மற்ற பெயின்டர்கள் ஏறுவதற்கு முன்னால் பலகையை உதைத்துப் பார்ப்பார்கள். கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். அதில் தப்பு இல்லை, உயிர் அவர்களுடையது. தேவராஜ் மட்டும் டப்பாவை மாட்டிக்கொண்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, வீட்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறுவான்.

"உதைச்சுப் பார்த்துட்டு ஏறுடா" என்பேன்.

"நீ கட்னதுதானே? உதைச்சா உனக்கு வலிக்கும்டா" என்பான்.

இரண்டு பேருக்கும் ஈஜிபுராவில் ஒரே காம்பவுண்டில் வரிசை வீடு. அவன் வீட்டில் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். அப்புறம் கோரமங்களா பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், கட்டடம் கட்டடமாக எழும்பியது. அவனுக்கு ஒரு பக்கம் வேலை, எனக்கு ஒரு பக்கம் வேலை. ஒரே கட்டடத்தில் சேர்ந்து நிற்பது குறைந்துபோனது.

வாலிபத்தில் சிநேகிதம் தானாக நிற்கும். குடும்பம், பிள்ளை, வேலை என்று ஆனபிறகு அப்படி நிற்காது. சாரக் கயிறு மாதிரிதான் அதுவும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் தளர்ந்துவிடும். அடிக்கடி ஒரு சுற்று வந்து இறுக்கிவிட வேண்டும். எங்களுக்கு அந்தச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சு சலூன்.

மஞ்சு கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழ் வந்தது, எங்களுக்குக் கன்னடம் வந்தது. கடையில் நாற்காலி இரண்டு. ஒன்று சுற்றும். இன்னொன்று சுற்றாது, ஆடும். சுற்றுகிற நாற்காலிக்காக நானும் தேவராஜும் தெருமுனையிலிருந்தே நடையை எட்டிப் போடுவோம். பேரன் எடுக்கிற வயதில் அப்படி ஓடினோம் என்றால் சிரிக்காதீர்கள்.

எனக்கு அப்போது சுருள் சுருளாக நல்ல முடி. கொஞ்சம் திமிர்கூட உண்டு. தேவராஜுக்கு நெற்றி வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. "குரு, உங்களுக்குக் கத்தரி வேணாம். ஈரத் துணியில தொடைச்சா சாக்கு" என்பார் மஞ்சு. போதும் என்பதைக் கன்னடத்தில் 'சாக்கு' என்பார்கள். 'குரு' என்பது நம்ம 'தலைவா' மாதிரி. தேவராஜ் கண்ணாடியில் என் முடியைப் பார்த்து, "அத்த மொதல்ல வெட்டு மஞ்சு, கண்ண உறுத்துது" என்பான்.

முடி வளர்ந்திருந்தாலும் போவோம், வளராவிட்டாலும் போவோம்.

மடியில் உட்கார்ந்த குழந்தை

இனி பழைய கதைக்குப் போக வேண்டும். தேவராஜின் மகள் ரேவதிக்குக் காது குத்தினபோது நடந்தது.

அவன் பெண்டாட்டி சாந்தாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. எங்கள் ஏரியா மாரியம்மன் கோயிலில் எல்லாம் தயார். ஊசிக்காரர் வந்துவிட்டார். பூசாரி, "தாய்மாமன் எங்கப்பா? மடியில வெச்சுக்கணும்" என்றார். சாந்தா தலையைக் குனிந்தாள். தலை நிமிரவே இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ரேவதி என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள், வேட்டியையும் நனைத்தாள்.

அன்றிலிருந்து சாந்தாவுக்கு நான் 'அண்ணா'. தேவராஜுக்கு நான் 'மச்சான்'. ரேவதிக்கு 'மாமா'. அங்கேயே என் பையன் குமார் பன் தின்றுகொண்டு நின்றான். தேவராஜின் அப்பா அவனைக் காட்டி, "மொறை மாப்பிள்ளையப் பாருங்கடா, பன்னைத் தின்னுகினு நிக்கிறான்!" என்றார். கோயிலே சிரித்தது. தேவராஜ் என்னைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி!" என்றான். நானும் "சம்பந்தி!" என்றேன்.

சிரிப்பில் சொன்னது. நாங்கள் மறந்துவிட்டோம். பெண்டுகள் மறக்கவில்லை.

நம்மில் இது ஒரு கணக்கு. மாமன் மச்சான் என்றால் பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம். அண்ணன் தம்பி, அதாவது பங்காளி என்றால், பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி. ரத்த சம்பந்தமே இல்லாத சிநேகிதத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துவிடுவோம். ரேவதிக்கும் குமாருக்கும் கல்யாண வயது வந்ததும் பச்சையம்மாளும் சாந்தாவும் அதைக் கையில் எடுத்தார்கள். சாந்தாவுக்கு, அண்ணன் வீட்டில் பெண் கொடுக்கிற பெருமை. பச்சையம்மாளுக்கு, கண்ணெதிரில் வளர்ந்த பெண் மருமகளாக வருகிற சந்தோஷம்.

ஆப்பிள் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

இரண்டு தச்சர்கள்

லிங்கராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு தச்சர்கள் இருந்தார்கள். ஒரே பட்டறை, ஒரே டிபன் பாக்ஸ். ஒருவர் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கி இன்னொருவர் இழுப்பார். இவ்வளவு சிநேகிதம் பிள்ளைகள் காலத்திலும் நிற்கட்டும் என்று இவர் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து அவர்களை டீக்கடையில் பார்த்தேன். ஒருவர் உள்ளே வந்ததும் மற்றவர் எழுந்து நின்றார். "வாங்க." "உட்காருங்க." "நீங்க உட்காருங்க." "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" இரண்டு பேரும் டீயை ஊதாமல் குடித்தார்கள். நாக்கு வெந்திருக்கும். ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள்.

சண்டையா என்று கடைக்காரரைக் கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லப்பா, சம்பந்தி ஆயிட்டாங்க" என்றார்.

சண்டை என்றால் சமாதானம் பேசலாம். மரியாதைக்கு எப்படிச் சமாதானம் பேசுவது?

தேவராஜ் ஆப்பிள் கொண்டுவந்ததற்கு அடுத்த ஞாயிறு சலூனுக்குப் போனோம். அவன் வேகமாக நடக்கவில்லை. சுற்றுகிற நாற்காலியைக் கையால் காட்டி, "நீங்க உக்காருங்க" என்றான். மஞ்சு கத்தரியைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். "ஏனாயித்து குரு? ஜகளவா?" என்றார். என்ன ஆச்சு, சண்டையா என்று கேட்கிறார்.

சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அது எனக்கு முள்ளாகக் குத்தியது.

யார் சொல்றது?

குமாரிடம் ஜாடையாகக் கேட்டேன். அவன் டூவீலர் மெக்கானிக். வண்டிக்கு அடியிலிருந்து தலையை எடுக்காமலே, "அது மூக்கு ஒழுகிகினு திரிஞ்சதுல இருந்து பார்க்கறேன்பா. எனக்கு அது தங்கச்சி மாதிரிதான். ஆனா நீ சொன்னா சரின்னுவேன், தேவராஜ் மாமா மனசு கஷ்டப்படக் கூடாது" என்றான்.

ரேவதி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும், பஸ் வந்தும் ஏறாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? நான் வேணாம்னு சொன்னா அத்தை அழும். குமாரு வேணாம்னு சொன்னா எங்கம்மா, எம்பொண்ணுக்கு இன்னா கொறைன்னு கேக்கும். நீங்க வேணாம்னு சொன்னா எங்கப்பா உடைஞ்சிடுவாரு. அப்ப யார்தான் மாமா சொல்றது?"

"உங்கப்பனுக்கு இஷ்டமாம்மா?"

"தெரியல மாமா. அவரு இப்பல்லாம் வீட்ல பேசறதே இல்ல. சும்மனே ஒக்காந்துகினு இருக்காரு."

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அதுதான் தெரியவில்லை. தேவராஜுக்கு இஷ்டமா, இல்லையா? அவனை நேராகக் கேட்கலாம். ஆனால் கேட்டாலே நான் பின்வாங்குகிறேன் என்று நினைப்பான். பெண்ணைப் பெற்றவன். அந்த ஒரு கேள்வியில் சிநேகிதம் போய்விடும். கேட்காமல் கல்யாணம் நடந்தாலும் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அவன் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவராஜின் அப்பா இறந்துபோனார். வயதானவர், படுத்திருந்தவர். நிம்மதியான சாவுதான். சாவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. "வருஷம் திரும்பறதுக்குள்ள அந்த வீட்ல ஒரு கல்யாணம் நடக்கணும். கருமாதியில மணி மச்சானா நின்னு உருமா கட்டிட்டா பாதி நிச்சயம் ஆன மாதிரிதான்."

மணி நான்தான்.

கருமாதி

பொம்மனஹள்ளி தாண்டி ஒரு ஏரிக்கரை. ஏரியில் தண்ணீர் இல்லை. டிரம்மில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஓசூர் ரோட்டில் லாரி போகிற சத்தம். ஈர மண்ணும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் கற்பூரம் முகர்ந்தால் எனக்கு அந்தக் காலை வந்துவிடும்.

முடி எடுக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "பங்காளிங்க இப்டி வந்து உக்காருங்க. மாமன் மச்சானெல்லாம் அந்தாண்ட நில்லுங்க" என்றார். வழக்கம் அதுதான். செத்தவருடைய பிள்ளைகளும் பங்காளிகளும் மொட்டை அடித்துக்கொள்வார்கள். அதன்பிறகு மாமன் மச்சான்கள் புதுத் துணி போட்டு, தலையில் உருமால், அதாவது தலைப்பாகை, கட்டிவிடுவார்கள்.

நான் அந்தாண்ட நின்றேன். கையிலிருந்த பையில் புது வேட்டியும் துண்டும். பக்கத்தில் பச்சையம்மாளின் தம்பி ஏழுமலை.

தேவராஜ் மணையில் உட்கார்ந்தான். ஒற்றைப் பிள்ளை. அவன் பங்காளிகள் ஊரில் நிலத்தகராறில் பேச்சை விட்டவர்கள். சாவுக்கு வந்து முகம் காட்டினார்கள், கருமாதிக்கு வரவில்லை.

"வேற யாரு?" என்றார் முடி எடுக்கிறவர்.

யாரும் இல்லை.

"ஒருத்தர்தானா?" என்று கேட்டு, அவன் தலையில் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் நெற்றியில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான்.

கல்யாணக் கணக்கு அப்போது என் மனதில் இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காலை நகர்த்தியது அந்தக் காலி இடம். பையை ஏழுமலை கையில் திணித்தேன். சட்டையைக் கழற்றினேன். போய் தேவராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் எடுங்க."

"நீங்க மச்சான் மொறைன்னாங்களே?"

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா மணி, தெரிஞ்சுதான் உக்காந்தியா? முடி குடுத்துட்டா நீ பங்காளி. உன் பையனுக்கு அந்தப் பொண்ணு தங்கச்சி ஆயிடும். மொறை போயிடும்ப்பா!"

"தெரியும் பெரியவரே."

தேவராஜ் திரும்பினான். தலையில் பாதி முடி போயிருந்தது. என்னை அப்படியே பார்த்தான்.

"மச்சான், இன்னாடா பண்ற?"

'டா'. எத்தனை நாளாகக் கேட்காத 'டா'.

"மச்சான்னு சொல்லாத. அண்ணன்னு சொல்லு" என்றேன்.

"யார்ரா அண்ணன்? நான்தான்டா பெரியவன்."

"நீயா? நீ தொட்டில்ல கெடந்தப்ப நான் கோலி ஆடிகினு இருந்தேன்."

"ஆமா, நீ ஆடனத்த நான் பக்கத்துல நின்னு பார்த்துகினு இருந்தேன்."

"ரெண்டு பேரும் தலைய ஆட்டாதீங்க சாமி, கத்தி!" என்றார் முடி எடுக்கிறவர்.

தேவராஜின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. முடி எடுக்கிறவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை காத்திருந்தார்.

அப்புறம் என் முறை. சுருள் சுருளாக மடியில் விழுந்தது. ரேவதி உட்கார்ந்திருந்த மடி. தலையில் காற்று பட்டதும் குளிர்ந்தது. மனதுக்குள்ளும் அப்படித்தான் இருந்தது.

நான் பங்காளி ஆகிவிட்டால் உருமால் கட்ட யார் என்று ஒரு பேச்சு எழுந்தது. என் மச்சினன் இப்போது தேவராஜுக்கும் மச்சினன்தானே. ஏழுமலை முழித்துக்கொண்டே முன்னால் வந்தான். பையில் இருந்தது ஒரு தலைக்கான துணி. வேட்டியைத் தேவராஜ் தலையிலும், துண்டை என் தலையிலும் கட்டினான்.

சாந்தாவின் கோபம்

எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பச்சையம்மாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் என் முடி வளர்கிற வேகத்தில்தான் குறைந்தது.

சாந்தாவுக்குத்தான் உண்மையில் வலித்தது. அன்றைக்குப் பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்தவள், எங்கள் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். தேவராஜைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன் தம்பி இல்லாதவன்னு பேர் வாங்கிகினு இருந்தேன். ஒருத்தர் கெடைச்சாரு. அவரையும் மொட்டையடிச்சு உங்கூட்டு ஆளா ஆக்கிகினியா?"

தேவராஜ் இலையைப் பார்த்தான். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

பிறகு கரண்டியை எடுத்தாள். "சாப்டுங்கண்ணா" என்றாள்.

பக்கத்து இலைப் பெரியவர், "இனிமே நீ அவர மாமான்னு கூப்பிடணும்மா" என்றார்.

"நீங்க கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் இலைக்குச் சோறு போடாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

இன்றுவரை அண்ணாதான். ரேவதிக்கு மட்டும் நான் பெரியப்பா. அந்த வருஷம் திரும்புவதற்குள் அவளுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு அண்ணனாக நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போனவன் குமார். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பச்சையம்மாளும் அழுது, சிரித்து, கடைசியில் என் பக்கம் திரும்பி, "வேட்டிய சரியா கட்டு" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் தானாகப் பேசின முதல் பேச்சு.

வெறுங்கை

கருமாதி முடிந்த முதல் ஞாயிறு. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில் செருப்புச் சத்தம். சட்டி மூடி திறக்கிற சத்தம். "இன்னா, இவ்ளோதானா மீந்துச்சு?" என்ற குரல். பச்சையம்மாள் கோபத்தில் பதில் சொல்லவில்லை. சொல்லாததைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வெளியே வந்தான். தலை பளபளத்தது. ஒரு கையில் என் வீட்டு இட்லி. இன்னொரு கையில் ஒன்றும் இல்லை.

"வாடா, சலூனுக்கு நேரமாச்சு" என்றான்.

நடந்தோம். தெரு பாதி தாண்டினதும் அவனாகவே ஆரம்பித்தான். "ஆப்பிள் கடையில நின்னேன் பாரு அன்னிக்கு, எனக்கு அழுகையே வந்துடுச்சுடா. உன் ஊட்டுக்கு ஆப்பிள் வாங்கினு போறேனே, இன்னாடா பொழப்பு இதுன்னு."

"அப்புறம் ஏன்டா வாங்கின?"

"சம்பந்தி ஊட்டுக்கு வெறுங்கையோட போவியான்னா சாந்தா. சரி, உனக்கு ஆசையா இருக்கும்போல, நான் எப்டி வேணாம்னு சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்."

"எனக்கு ஆசையா? உனக்கு ஆசைன்னு இல்ல நான் நெனைச்சேன்!"

நடுத்தெருவில் நின்றோம். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஒரு ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்து, திட்டிவிட்டுப் போனார்.

"மொட்டத் தலையா" என்றான்.

"நீதான்டா மொட்டத் தலையன்" என்றேன்.

சலூன் தெரிந்தது. அவன் நடையை எட்டிப் போட்டான். நானும் எட்டிப் போட்டேன். இரண்டு கிழட்டு மொட்டைகள் ஓடி வருவதைப் பார்த்து மஞ்சு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் குரு, தலையில ஒண்ணும் இல்ல. நான் என்ன வெட்டறது?"

"நீ பேப்பர் படி மஞ்சு" என்று சொல்லி, என்னை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, சுற்றுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான் தேவராஜ். ஒரு சுற்று சுற்றி என் பக்கம் திரும்பி, பல்லைக் காட்டினான்.

நான் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவு சுகமான நாற்காலியில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.